இரண்டாவதாகச் சாகிறவன்

படம் எழுபத்தெட்டு நிமிஷம்.
நான் சாவது முப்பத்தொன்றில்.

மிராமிச்சி கர்லிங் கிளப்பில்
ஐஸை உருக்கிய தரைமேல்
மடக்கு நாற்காலிகள் நூற்றிருபது.
நுழைவு பத்து டாலர், பாப்கார்ன் தனி.
முதல் வரிசையில் கோட்டுப் போட்டு ரெயால் கோர்மியே,
பகலில் டயர் மாற்றுகிறவன்,
பதினோரு இரவில் இந்தப் படத்தை எடுத்தவன்.

திரையில் காடு வந்தது.
பால்சம் மரங்களுக்கு நீலம் ஏற்றியிருந்தார்கள்.
இருட்டென்றால் நீலம் என்று எவன் சொன்னானோ.
மரவீடு, சிக்னல் இல்லாத போன்,
வந்ததிலிருந்து சண்டை போடும் ஜோடி,
போகாதே என்று எச்சரிக்கும் கிழவர்.
பெட்ரோல் பங்க் டெல்பேர்தான் அது;
சொன்ன கையோடு கேமராவைப் பார்த்து
சரியா என்பதுபோல் புருவத்தைத் தூக்குகிறார்.
அதை வெட்டக்கூட இல்லை.
வசனத்துக்கு அடியில் முழுக்க
ஜெனரேட்டர் உறுமிக்கொண்டே இருக்கிறது,
காட்டுக்குச் சளி பிடித்த மாதிரி.

பூதம் வந்தது.
பழைய கம்பளி, வாத்து வேட்டை வலை,
கண்ணுக்குக் காரின் பின்விளக்கு இரண்டு.
முதலில் முதுகு ஜிப் மின்னியது,
பிறகுதான் பல்.
"அம்மா, அது ஜிஸ்லேன் டீச்சர்" என்றது ஒரு குழந்தை.
கூடம் சிரித்தது.
ஜிஸ்லேனும்.

முப்பத்தொன்று.
ஓடுகிறேன், விழுகிறேன்,
விழுமுன் விழப்போகும் இடத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.
பீட்ரூட் சாறும் மேப்பிள் பாகும் தாடையில் வழிய
திரை நிறைய என் முகம்:
பல்வலிக்காரன் முகம்.
அது காட்டில் எடுத்ததில்லை.
ரெயால் வீட்டு கராஜில்,
பின்னால் கறுப்புப் போர்வை,
கால்மாட்டில் வாஷிங் மெஷின்.

காட்டில் நடந்தது வேறு.
ஆறாவது இரவு
ஒன்றுக்குப் போய் வருகிறேன் என்று போனேன்.
நாற்பது அடி இருக்கும்.
திரும்பினேன்,
வந்த வழி இல்லை.

ஜெனரேட்டர் கேட்டது,
எல்லாப் பக்கமிருந்தும்.
நடந்தால் விலகியது,
நின்றால் நெருங்கியது.
கத்தினேன்.
அவர்கள் சிரிப்பது கேட்டது,
எனக்கில்லை, வேறு எதற்கோ.
பிறகு அதுவும் இல்லை.
சதுப்பு என் வலது காலை வாங்கி
காலைத் திருப்பித் தந்தது,
ஷூவை வைத்துக்கொண்டது.

எதுவும் என்னைத் துரத்தவில்லை.
இதைத்தான் இன்றுவரை யாரிடமும் சொல்லத் தெரியவில்லை.
துரத்தியிருந்தால் ஓடியிருப்பேன்;
ஓடினால் திசை என்று ஒன்று இருந்திருக்கும்.
ஒவ்வொரு மரமும் முந்தைய மரமாகவே இருந்தது.
என் பெயரை நானே கூப்பிட்டுப் பார்த்தேன்.
ஒனெசிம், ஒனெசிம்.
யாரையோ தேட வந்தவன்போல் இருந்தது.

ஐந்து மணி நேரம்.
வெளுக்கும்போது மரலாரிப் பாதையில் ஏறினேன்.
வேனுக்குள் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.
கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்
என்று நினைத்தார்களாம்.
கண் விழித்த ரெயால் என் முகத்தைப் பார்த்தான்.
"அப்படியே இரு, அசையாதே!"
விழுந்தடித்து ஓடினான்.
பேட்டரி சார்ஜில் இருந்தது.
அது நிறைவதற்குள்
ஜிஸ்லேன் காபி கொடுத்துவிட்டாள்,
முகம் போய்விட்டது.

விளக்குப் போட்டதும் கைதட்டினார்கள்.
உள்ளூர்க்காரர்கள், தட்டத்தானே வேண்டும்.
பார்க்கப் பாவமாக இருந்தான் ரெயால்,
கோட்டுக் காலரில் ஒரு பாப்கார்ன்.
"அடுத்த வருஷம் இரண்டாம் பாகம். வருவியா?"
"நான்தான் செத்தாச்சே."
"அதனால என்ன."

பயந்துட்டேன் ரெயால், என்றேன்.
"எந்த இடத்துல?" கேட்டுவிட்டான் சட்டென்று,
குழந்தை மாதிரி.
"வசனத்துக்கு நடுவுல ஜெனரேட்டர் கேக்குமே, அங்க."

அவன் முகம் தொங்கிவிட்டது.
"அதை எடுக்கத்தான் பாத்தேன், மூணு மாசம்.
போகமாட்டேங்குது."
மன்னிச்சுக்கோ என்று
நாற்காலிகளை மடக்கப் போனான்.
நானும் ஏழெட்டு மடக்கினேன்.