எத்தனாவது பொருள்

ராதரம் உருக்காலையில்
எஃகு சுமக்கும் கொப்பரைகளுக்கு
உள்வயிற்றில் செங்கல் பதிப்பவன் டெரிக் ஓல்ட்ராய்ட்.
இருபத்திரண்டு வருடமாக ஒரு சொல்
அவன் கையுறையோடு வீட்டுக்கு வருகிறது.
சாக்கின் மேல் அச்சடித்திருக்கும்,
லாரிக்காரன் நீட்டும் ரசீதில் இருக்கும்,
சம்பளச் சீட்டில்கூட.
ரிஃப்ராக்டரி.
ஆயிரத்து அறுநூறு டிகிரியில்
எஃகு கஞ்சிபோல் தளபுளவென்று கொதிக்கையில்
உருகாமல் நிற்கிற கல்.
நல்ல சொல்.
அதை நம்பித்தான்
கொப்பரைக்குக் கீழே ஆட்கள் நடக்கிறார்கள்.

இன்று ஷெஃபீல்டில், மூன்றாம் மாடியில்,
ஜன்னல் திறக்க முடியாத அறையில்
டாக்டர் அதே சொல்லை எடுத்து
பெத்தனியின் வலிப்புக்கு முன்னால் வைத்தார்.
நான்கு மருந்து பார்த்தாயிற்று,
ஒன்றுக்கும் மசியவில்லை.
"இந்தச் சொல்லுக்கு அர்த்தம்..." என்று தொடங்கினார்.
"தெரியும்" என்றான் டெரிக்,
கொஞ்சம் சத்தமாகவே.
லிண்ட்சி அவன் பூட்ஸைப் பார்த்தாள்.
தையலில் இன்னும் சாம்பல்தூள்.

திரும்பும் வழியில், பின்சீட்டில்
அம்மாவின் போனில் அகராதி திறந்து
ஒன்பது வயது உரக்க வாசித்தது:
"ஒன்று. அடங்காத, சொல்பேச்சு கேளாத.
உதாரணம், கழுதை.
அப்பா, இதுல கழுதை இருக்கு!
இரண்டு. தீயில் உருகாத.
மூன்று. மருந்துக்குக் கட்டுப்படாத."
கொஞ்ச நேரம் வைப்பரின் சத்தம் மட்டும்.
"நான் எத்தனாவது?"

சிக்னல் பச்சைக்கு மாறி
பின்னால் ஹாரன் அடித்த பிறகுதான்
அவன் வண்டியை எடுத்தான்.

உருகாத கல் என்று ஒன்றுமில்லை.
அது அவனுக்குத் தெரியும்.
ஒவ்வொரு வார்ப்பும் நகக்கண் அளவு
தின்றுவிட்டுத்தான் போகிறது.
எண்பதாவது வார்ப்புக்குப் பின் அவனே இறங்கி
மிச்சத்தைப் பெயர்த்தெடுப்பான்,
பிஸ்கட்போல் நொறுங்கும்.
இதில் நோய் எது, பிள்ளை எது,
யார் யாரைத் தின்கிறார்கள்
என்று யோசிக்கத் தொடங்கி
ரவுண்டானாவில் திரும்ப வேண்டிய தெருவை விட்டுவிட்டான்.

இரவு எட்டு மணி.
ஐந்தாவது மருந்து, வெளிர்மஞ்சள், பாதி மாத்திரை.
பெத்தனி உதட்டை இறுக்கிக்கொண்டாள்.
லிண்ட்சி கெஞ்சினாள். மிரட்டினாள்.
தயிரில் ஒளித்துப் பார்த்தாள்.
தயிர் மேஜைவிரிப்பில்.

டெரிக் அவள் முன் குந்தி
கண்ணோடு கண் பார்த்து
அகராதிக் குரலில் சொன்னான்:
"முதலாவது."

அவளுக்கு ஒரு நொடி பிடித்தது.
பிறகு சிரிப்பை அடக்க முடியாமல்
வாய் திறந்துகொண்டது,
ஒரு பாதி மாத்திரை நுழையும் அளவுக்கு.