ஈரப்பதம்

ஈசிஜி தாளைப் பார்த்துவிட்டு
ஐந்து ரோட்டு டாக்டர் சொன்னார்,
"ஒன்றுமில்லை."
அந்த ஒன்றுமில்லைதான்
தினமும் விடியற்காலை மூன்று பத்துக்கு
என் மார்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டிருந்தது.

நாற்பத்தெட்டு வயது.
அயோத்தியாப்பட்டணம் தாண்டி
ஒரு சேகோ ஆலையில் கணக்கு எழுதுகிறேன்.
கிழங்கு லோடு, பாயிண்ட், டீசல், கூலி
எல்லாம் பைசா பிசகாமல் நேராகும்.
சிலிண்டரை மூடினேனா,
ஓசூரில் மகன் ஹெல்மெட் போட்டானா,
இந்த மாதமும் தள்ளிப்போனது
வயசாலா, வேறெதுவுமா
என்கிற கணக்கு மட்டும்
ஒவ்வொரு ராத்திரியும் வேறொரு கூட்டல் காட்டும்.

அழுகை வரவில்லை. அதுதான் விசித்திரம்.
சாம்பார் கொதிப்பதைப்
பக்கத்திலேயே நின்று பார்த்தபடி
அடிப்பிடிக்க விட்டேன்.
தீய்ந்த வாசம் வந்தது.
யார் வீட்டிலோ என்று நினைத்தேன்.

பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவில்
வரிசையில் நிற்கையில்
தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று
துப்பட்டாவை முகத்துக்குச் சுற்றியிருந்தேன்.
அந்தச் சின்ன வயது டாக்டரம்மா
அரை மாத்திரை எழுதினாள்.
அதற்குக் கீழே எழுதினாள்:
நாலு மணிக்கு மேல் காபி வேண்டாம்.
போன் படுக்கையறைக்கு வெளியே தூங்கட்டும்.
தினமும் கொஞ்சம் வெயில், கொஞ்சம் நடை.

வெயிலா?
சேலத்தில் வெயிலை மருந்துச் சீட்டில் எழுதிய
முதல் ஆள் அவள்தான்.

மறுநாள் சோற்று நேரத்தில்
காய்ச்சல் களத்துக்குப் போனேன்.
இருபது வருடமாய்
ஜன்னல் வழியே பார்த்த இடம்.
சிமெண்டுத் தரை முழுக்க ஜவ்வரிசி.
கண் கூசுகிற வெள்ளை.
பாவாயி நடந்துகொண்டே
பல் வைத்த மரப்பலகையால்
அடியில் கிடந்ததை மேலே கொண்டுவந்தாள்.
"ஓரமா நில்லு கணக்கம்மா, மிதிச்சிறப் போற."
ஓரமாகத்தான் நின்றேன் அன்று.

ஒரு வாரம் கழித்து
என் கையிலும் ஒரு பலகை.
"ஈரப்பதம் பார்க்கறீங்களா?"
மேனேஜர் திருமூர்த்தி கேட்டார்.
ஆமாம் என்றேன். பொய்யில்லை.

சாயங்காலம் கண்ணங்குறிச்சிக்கு
ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி
மூக்கனேரிக் கரைமேல் நடப்பேன்.
முதல் நாள் கால் வலித்தது,
கூடவே எரிச்சலும்.
எதிரே ஜோடி ஜோடியாய்
ஷூ போட்ட ஆரோக்கியம்.
இருட்டினதும் ஏற்காட்டு மலையில்
ஏதோ ஒரு வண்டி ஏறும்.
வெளிச்சம் வளைவில் மறைகிறவரை
மூச்சை உள்ளே இழுப்பேன்.
திரும்பத் தெரிகிறவரை
மெல்ல மெல்ல வெளியே விடுவேன்.
யாருடைய வண்டியோ.
லாரியாக இருந்தால் எனக்கு மூச்சு முட்டும்.

ஐப்பசியில் அடைமழை.
களத்தின்மேல் தார்ப்பாய்.
எல்லாம் மறுபடி.
இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை,
குளிக்கவில்லை,
தலைமாட்டில் போன் விடியவிடிய எரிந்தது.
மூன்றாம் நாள் போனபோது
பாவாயி கேட்டாள்,
"நேத்து வல்லியே?"
மனசு சரியில்லை என்றேன்.
வீட்டில்கூட உடம்பு என்றுதான் சொல்லியிருந்தேன்.
பலகையை நிறுத்தாமல் சொன்னாள்,
"எனக்குந்தான். மூணு வருசமா."
வரிசை முடியும்வரை
வேறெதுவும் பேசவில்லை நாங்கள்.
அடுத்த புதன்கிழமை
இரண்டு பேருமாய் பஸ் ஏறினோம்.
பெரியாஸ்பத்திரி வரிசையில்
அவள் முன்னால், நான் பின்னால்.
துப்பட்டா தோளில் கிடந்தது.

மீட்டர் பன்னிரண்டு காட்டினால்
மூட்டை கட்டலாம்.
எனக்கு அப்படியொரு மீட்டர் இல்லை.
அரை மாத்திரை இன்னும் அரைதான்.
மூன்று பத்துக்கு இன்னும் விழிப்பு வருகிறது.
எழுந்து தண்ணீர் குடிக்கிறேன்.
சில நாள் தூக்கம் திரும்பி வரும்,
சில நாள் பால்காரர்தான் வருவார்.

நேற்று சாம்பார் அடிப்பிடிக்கவில்லை.
உப்புப் போட மறந்திருந்தேன்.
அவர் ஒரு வாய் வைத்துவிட்டு
என்னைப் பார்த்தார்.
சிரிப்பு வந்துவிட்டது எனக்கு.
நகக்கண்ணில் ஒட்டிய வெள்ளை மாவோடு
உப்பு ஜாடியைத் தள்ளி வைத்தேன்.