பதினொரு விநாடி

பச்சானாவுக்கு இருபத்து மூன்று வயது.
ஒரு ட்ரோனும் இரண்டு ஸ்வெட்டருமாகத்
திபிலிசியிலிருந்து வந்திருக்கிறான்.
கலாச்சார மாளிகையின் மூன்றாம் மாடியில்
மண்ணெண்ணெய் அடுப்பைச் சுற்றி ஒன்பது பேர்:
மருந்துக்கடைக்காரி நான், பல் டாக்டர் ஒருவர்,
மாங்கனீசுச் சுரங்கம் ஆள் குறைத்தபோது
வெளியே வந்தவர்கள் மீதிப் பேர்.
ஒரே கதையை நான்கு இடத்தில் சொல்லுங்கள் என்றான்.
கதை என்பது தண்ணீர் மாதிரி என்று தொடங்கியவனைப்
பல் டாக்டர் இருமி நிறுத்தினார்.

என் கதை இவ்லித்தாவுடையது.
மின்சாரம் வருவதே செய்தியாக இருந்த வருடங்களில்
ஒரு ஜனவரி மாலை
ரோப்கார் பாதி வானத்தில் நின்றது.
உள்ளே ஆறு பேர்.
டிக்கெட் கிழிக்கும் இவ்லித்தாவுக்குப் பத்தொன்பது.
விடியும்வரை
கீழே ஆறு, மேலே கம்பி.

அவள் சமையலறையில்
வால்நட் கிண்ணத்தில் ஃபோனைச் சாய்த்து வைத்துக் கேட்டேன்:
ராத்திரி முழுக்க என்னதான் செய்தீர்கள்?



ஃப்ரிட்ஜ் ஒருமுறை உடம்பை உதறி அடங்கியது.
ஒரு ஓடு உடைந்தது.
பிறகு, குளிர், என்றாள்.

பதினொரு விநாடி.
கதை அதற்குள்தான் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது,
என்ன கதை என்று தெரியவில்லை.

வீடியோவில் மூன்று விநாடிக்குமேல்
கட்டைவிரல் காத்திருக்காதாம்.
நிமிர்ந்த சட்டகத்தில்
இவ்லித்தாவின் முகம் வை, கை போகும்;
கை வை, முகம் போகும்.
கையை வைத்தேன்.
வால்நட் உடைக்கும் சமையல் குறிப்பென்று நினைத்து
நானூறு பேர் பார்த்தார்கள்.

எழுத்தில் அவள் மௌனத்துக்கு
மேலே விட்டதைப்போல வெற்று வரிகள் விட்டேன்.
பத்திரிகைக்காரர் நல்ல மனிதர்,
பிழையென்று நினைத்து இழுத்து ஒட்டிவிட்டார்.
அச்சில் இவ்லித்தா
கேட்ட மாத்திரத்தில் பதில் சொல்கிறாள்,
துடுக்காக.

வரைபடத்தில் குண்டூசி குத்தச் சொன்னான் பச்சானா.
ரோப்கார் நின்ற இடத்தில் குத்தினேன்.
அது ஆற்றுக்குள் விழுந்தது.
வரைபடத்துக்கு நடுவானம் தெரியாது.

மிச்சம் வானொலி.
உள்ளூர் எஃப்.எம்.மில் ஒரு இயந்திரம் இருக்கிறது,
எட்டு விநாடி சத்தமில்லையென்றால்
நிலையம் செத்துவிட்டதாக முடிவுசெய்து
தானாகவே பாட்டைத் திறந்துவிடும்.
ஞாயிறு காலை, ஊர் முழுக்கக் கேட்க,
என்னதான் செய்தீர்கள் என்று நான் கேட்டேன்.
எட்டாம் விநாடியில்
பித்தளை வாத்தியங்களோடு ஒரு கல்யாண வால்ட்ஸ்.
கோச்சா ஓடிவந்து நிறுத்துவதற்குள்
குளிர் என்ற சொல்லும் அதில் மூழ்கிப்போனது.

மன்னிப்புக் கேட்டு அவளுக்கு எழுதினேன்.
திரையில் மூன்று புள்ளிகள் எழுந்தன.
அணைந்தன.
எழுந்தன.
நான் கடையைத் திறந்து, இருமல் மருந்து இரண்டு விற்று,
திரும்பி வந்து பார்த்தபோதும்
எழுந்துகொண்டிருந்தன.

பிறகு வந்தது:
அந்த இயந்திரம்தான் சரியாகச் சொன்னது.
நடு ராத்திரி ஒருத்திக்கு முட்டிக்கொண்டு வந்தது.
மூலையில் தீயணைக்கும் மணல் வாளி.
மற்ற எல்லோரும் கண்ணாடிப் பக்கம் திரும்பி நின்று
அவளுக்கே அவள் சத்தம் கேட்காதபடி
தொண்டை கிழியப் பாடினார்கள்.
கல்யாணப் பாட்டுத்தான். வேறு எது எல்லோருக்கும் தெரியும்?
அவள் யார் என்று எங்கேயும் போடாதே.

பாடினோம் என்று அவள் எழுதவில்லை.
இரண்டு முறை படித்துவிட்டு
நானும் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இதை எந்தத் தளத்தில் போடப்போகிறீர்கள்
என்று கேட்டான் பச்சானா.
ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன்.
மறு ஒலிபரப்புக்குப் பாட்டை நீக்கித் தருகிறேன் என்ற கோச்சாவிடம்
அப்படியே இருக்கட்டும் என்றேன்.
எட்டாம் விநாடியில் அது வரட்டும்,
இன்னும் கொஞ்சம் சத்தமாக.

வரைபடத்தில் மட்டும்
அவள் இன்னும் ஆற்றுக்குள் இருக்கிறாள்.
உயரம் எழுதுவதற்கு அதில் எங்கேயாவது
ஒரு கட்டம் இருக்கும்.
நாளைக்குத் தேட வேண்டும்.