இரைச்சல் நீக்கம்

ஹாலேயில் டிசம்பர். காலை எட்டு மணிக்கும் இருட்டு.
மூன்றாம் மாடியில் ஹீட்டர் முனகுகிறது.
மேசைமேல் காபித் தட்டு அகலத்தில் ஒரு ஒலிநாடா.
தான்சானியா, மார்ச், எழுபத்து நாலு.
அடியில் பென்சிலில்:
புதர்க்கீச்சான், ஒன்று.

பறவையை வைத்துக்கொண்டு
மற்றதை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் என் வேலை.
விப்கே கேட்பது சுத்தமான குரல்,
பள்ளிக்கூடங்களுக்கு அனுப்ப,
இருபது நொடி.

ஹெட்போனுக்குள் முதலில் எக்கெஹார்ட் இருமுகிறார்.
ஆள் போய்ப் பல வருடம்,
இருமல் இன்னும் ஈரமாக இருக்கிறது.
ஜீப்பின் கதவு.
பிறகு புல்.
இடுப்பளவு என்று கேட்டாலே தெரிகிற புல்,
மழைக்குப் பத்து நாள் முந்திய காய்ச்சலில்.
முள்மரத்தில் எறும்பு துளைத்த உருண்டைகளுக்குள்
காற்று புகுந்து சன்னமாக ஊளையிடுகிறது.
ஒரு ஈ. ஆட்டுமணி.
தூரத்தில் ஒரு பெண் யாரையோ திட்டுகிறாள்;
பாஷை புரியவில்லை, திட்டு புரிகிறது.

இத்தனைக்கும் நடுவே
கண்ணுக்குப் படாத ஏதோ புதருக்குள்
மணி தட்டினாற்போல் மூன்று சுரம்,
ஒட்டினாற்போல் ஒரு கரகரப்பு,
துணி கிழிவது மாதிரி.

துடைத்துக்கொண்டே போனேன்.
ஆடு போச்சு. ஈ போச்சு.
அந்தப் பெண் பாதி வசவில் போனாள்.
புல்லுக்குத்தான் நேரம் பிடித்தது,
அது எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது.
இருமலையும் எடுத்தபின்
கரகரப்பைச் சிவப்பில் காட்டி
இதுவும் இரைச்சலா என்றது கணினி.
ஆமாம் என்று தட்டினேன்.

மூன்று சுரம். ஒரு பொத்தல்.
மூன்று சுரம். ஒரு பொத்தல்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது.
பாடிவிட்டு அது நிற்கிறது,
பதிலுக்கு.
கரகரத்தது வேறொரு பறவை.
ஐம்பது வருடமாக
ஒன்று என்று பெட்டியில் கிடந்தவை
இரண்டு.

கன்ட்ரோல் இசட். கன்ட்ரோல் இசட்.
கிழிசல் வந்தது, இருமல் வந்தது, புல் வந்தது.
அந்தப் பெண் விட்ட வார்த்தையிலிருந்தே தொடர்ந்தாள்.

கருப்பொருளை எல்லாம் கழுவிவிட்டு
உரிப்பொருளை மட்டும் இருபது நொடியில் கேட்டால் எப்படி?
இதை ஜெர்மனில் சொல்ல வராமல்
'சுத்தமாக இல்லை, மன்னிக்கவும்' என்று எழுதி
நாலு நிமிடம் பதினோரு நொடியையும் அனுப்பிவைத்தேன்.
பெட்டியில் ஒன்றை அழித்து இரண்டு என்று எழுதினேன்.

மத்தியானம், வெளிச்சம் வந்து
உடனே கிளம்பத் தயாரான நேரத்தில்,
விப்கேயிடமிருந்து ஒரு வரி:

அந்தப் பெண் யாரைத் திட்டுகிறாள்?