மூன்றாம் பிரதி

அமலதாஸ், இலக்கம் ஒன்பது. பத்தொன்பது புள்ளி.
கூடைக்குள் எட்டு, பிறீ துறோ ஒன்பதில் மூன்று,
ரீபவுண்ட் பதினொன்று, தவறு நான்கு.
நான்காவது தவறை நான் அழுத்தி எழுதிய பள்ளம்
மூன்றாம் தாளிலும் விரலுக்குத் தட்டுப்படுகிறது.

இரண்டாயிரத்து நாலு, ஆவணி.
ஐஸ் கொம்பனிக்கும் பஸ் சங்கத்துக்கும்
காசுக்கு விளையாடப் பெடியள் இருந்தார்கள்:
ஆட்டத்துக்கு எண்ணூறு, வென்றால் மேலே முந்நூறு,
முழங்கால் போனால் ஒன்றுமில்லை.
குருநகரில் சீமெந்துத் தரை
இரவு ஒன்பது மணிக்கும் வெயிலை விடாமல் வைத்திருந்தது.
நான் மேசையில்.
வர்த்தகப் பிரிவு, கூட்டல் பிழைக்காது என்று பேர்.

வெள்ளைத்தாள் நடத்தினவர்களுக்கு, மஞ்சள் வென்றவர்களுக்கு,
றோஸ் தோற்றவர்களுக்கு.
தோற்றவர்கள் எடுக்காமலே போனார்கள்.

அறுபத்து மூன்று, அறுபத்திரண்டு.
நாலு வினாடி மிச்சம்,
கோட்டில் அமலதாஸ், கையில் இரண்டு எறிதல்.
முதலாவது வளையத்தின் பின்விளிம்பில்.
இரண்டாவது வளையத்தைச் சுற்றி, சுற்றி,
யோசித்து, வெளியே.
அடுத்த நாள் மீன் சந்தையில் கதை முடிந்துவிட்டது:
பஸ் சங்கம் அவனுக்குக் குடுத்திட்டுது.
எவ்வளவு என்பதில்தான் கருத்து வேறுபாடு.

இருபது வருஷம் மற்றவர் கணக்கைத் திருத்திச் சம்பளம் வாங்கினேன்.
போன மாதம் பழைய கணக்கியல் புத்தகமொன்றுக்குள்ளிருந்து
றோஸ் தாள் விழுந்தது.
கை சும்மா இருக்காது. கூட்டினேன்.

அமலதாஸ் பத்தொன்பது, டெஸ்மன் பதினாலு, முப்பத்து மூன்று.
எமில்ராஜ் பன்னிரண்டு, நாற்பத்தைந்து.
றொக்சன் ஒன்பது. யூட்நிக்சன் ஏழு. அறுபத்தொன்று.
கடைசி வரியில் மரியநேசன், இரண்டு.

அறுபத்து மூன்று.

மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே,
பிறகு கல்குலேற்றரில்.
அது என்னிலும் பிடிவாதம்.

மூன்றாம் கால்பகுதி. எமில்ராஜுக்கு மூக்கில் இரத்தம்.
பஞ்சு வைக்கும்வரை வாங்கிலிருந்து ஒருவனை இறக்கினார்கள்.
இறங்கின கையோடு அவனைத் தள்ளிவிட்டார்கள், இரண்டு எறிதல்.
ஒன்று விழுந்தது.
மற்றது கையை விட்டுப் போகையில் ஜெனரேற்றர் இருமி
வெளிச்சம் போய் வந்தது.
இருட்டில் வலை உரசின சத்தம் கேட்டேன்.
வெளிச்சத்தில் நடுவரின் ஒரு விரலைக் கண்டேன்.
அவன் பேருக்கு நேரே புள்ளி வைத்தேன்.
ஓடுகிற எண்ணில் வெட்ட மறந்தேன்.
பலகைப் பெடியன் என் வெட்டைப் பார்த்துத்தான் தகடு மாற்றுவான்.
ஊர் முழுக்கப் பலகையைப் பார்த்தது.

நேற்று ஐஸ் கொம்பனி வாசலில் அமலதாஸ்.
கழுத்தில் துவாய், கணக்குப் பிள்ளை வேலை.
தாளை நீட்டிச் சொன்னேன்:
நீங்கள் தோற்கேல்லை. சமன்.
இன்னும் அஞ்சு நிமிஷம் விளையாடியிருக்க வேணும்.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
தன் வரியை மட்டும் வாசித்தார்.
"பத்தொன்பதோ? பிழை, தங்கச்சி.
நான் இருபத்தொண்டு அடிச்சனான்."

லொறி ஒன்று பின்னுக்கு வந்தது, ஒதுங்கி நின்றோம்.
பனிக்கட்டி உடைகிற சத்தம் அடங்கினதும்
கடைசி வரியில் விரலை வைத்தேன்.
இந்த ஆளின்ர ஒரு புள்ளிதான் விடுபட்டது.

உதட்டைப் பிதுக்கினார்.
"மரியநேசனோ? ஆர் அது?"

நாற்பத்தொரு வினாடி.
எறிந்தது இரண்டு, விழுந்தது இரண்டு.
ரீபவுண்ட் இல்லை, தவறு இல்லை.
தாளில் பிழையில்லாத வரி அது ஒன்றுதான்.
இலக்கம் பதினாலு என்று என் கையெழுத்து சொல்கிறது,
நாலு ஒன்பது மாதிரியும் இருக்கிறது.