இரண்டு எழுத்து

மஃபெடெங் ஆய்வுக்கூடத்தில் ஜூன் மாதக் குளிர்.
சூடு இருப்பது ஒரே ஒரு பெட்டியில்,
அதுவும் கிருமிகளுக்கு: முப்பத்தேழு டிகிரி.
புலெங் கம்பளியை மார்பில் ஊக்கு குத்தி
அதற்குமேல் வெள்ளை அங்கி மாட்டியிருக்கிறாள்.

மலையிலிருந்து குதிரையில் வந்த பையில்
இரண்டு குப்பிச் சளி. ஒரே வீடு, ஒரே தேதி.
நாற்பத்தொன்று, மொட்லட்சி.
வெல்கோமில் தங்கச் சுரங்கத்தின் அடியில் பதினாறு வருடம்.
எச்ஐவி இல்லை.
நாற்பத்திரண்டு, அவன் தங்கை லினேயோ.
இருக்கிறது.
பெயர்கள் நான் வைத்தவை. குப்பிக்கு எண் போதும்.

அண்ணன் எக்ஸ்ரேயில் வலது மேல்மூலையில்
எலுமிச்சை அளவு பொந்து.
கிருமி மட்டும் தோண்டியதல்ல,
காவலுக்குப் போன படையும் சேர்ந்து
வீட்டை இடித்துச் சண்டை போட்டிருக்கிறது.
தங்கையின் படம் சுத்தம்.
சண்டை போட ஆளில்லாத ஊரில்
சுவர்கள் அப்படியே நிற்கும்.
படமெடுக்கும்போது அவளால்தான்
நிற்க முடியவில்லை.

வாரங்கள் கழித்து வரிசை வந்தது.
நாற்பத்து நான்கு லட்சம் எழுத்து.
நம்மைப்போல் உயிர் வேறு மெய் வேறு என்றெல்லாம்
அது பிரித்து வைத்துக்கொள்ளவில்லை.
இருக்கும் நான்கை மாற்றி மாற்றிப் போட்டே
கிடைத்த மெய்யில் எழுதிப்போகிறது,
உயிர் வரைக்கும்.

புலெங் ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்க்கிறாள்.
இரண்டு எழுத்து வித்தியாசம்.
இரண்டே இரண்டு.

வீட்டில் முடிவுசெய்துவிட்டார்களாம்,
குதிரைக்காரன் சேணத்தை இறக்கியபடி சொன்னான்:
“அவள்தான் கொண்டுவந்தாள். அவளிடம் ஏற்கெனவே அது இருக்கிறதே.”
தனித் தட்டு, தனிக் குவளை.
பதினாறு வருடத் தூசியை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

மறுநாள் இன்னும் ஆழமாகப் படித்தாள்.
அண்ணனின் ஒரு குப்பிக்குள்ளேயே ஐந்து வகை,
பொந்தின் சுவருக்கொரு தனிக்குடித்தனம்.
அந்த ஐந்தில் ஒரு சின்னக் குடும்பம்,
நூற்றில் நான்கு பேர்தான் இருப்பார்கள்,
எழுத்துக்கு எழுத்து
தங்கையுடையது.

சாட்சி என்று சொல்ல முடியாது. சாயல்.

இன்னொன்றும் பார்த்தாள்.
உடம்பு அடையாளம் பிடிக்கும் இடங்களை மட்டும்
அது எங்கேயும் தொடவில்லை.
முகமூடி போடாத திருடன்:
பிடிபட்டால்தான் சண்டை, சண்டையில்தான் பொந்து,
பொந்திலிருந்துதான் இருமல், அடுத்த வீடு.
லினேயோவுக்குள்ளும் அதே முகம்,
ஒரு மரு கூட மாறாமல்,
கண்டுகொள்ள யாருமில்லாத உடம்பில்
எதற்கோ காத்துக்கொண்டு.

படிவத்தில் மூன்று கட்டம்:
எண். வம்சம். எந்த மருந்துக்கு அடங்கும்.
யாரிடமிருந்து யாருக்கு என்று கட்டமில்லை.
ஓரத்தில் பென்சிலால்
நாற்பத்தொன்றிலிருந்து நாற்பத்திரண்டுக்கு
ஒரு அம்பு போட்டாள். கேள்விக்குறி போட்டாள்.
பிறகு விதியை நினைத்து
இரண்டையும் அழித்தாள், அழித்தாள்.

தாள் அந்த இடத்தில் மெலிந்து
விளக்கில் பிடித்தால் வெளிச்சம் தெரிகிறது.
குதிரை கிளம்பிவிட்டது,
இரண்டு பேருக்கும் ஆறு மாத மாத்திரையோடு.