உபாயம்

லாபிஸ் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
பொரித்த வாழைப்பழக் கடைக்கும்
பூட்டிக் கிடக்கும் கிளினிக்குக்கும் நடுவில்
என் போட்டோஸ்டாட் கடை.
ஒரு பக்கம் இருபது சென்.
பாரம் நிரப்பித் தருவது இலவசம்,
அதனால் அதற்குத்தான் கூட்டம்.

சன்னாசி வந்தார்.
வந்தார் என்றால், பவுனாம்பாள் தள்ளிக்கொண்டு வந்தாள்.
வலது கால் முட்டிக்கு மேலேயே முடிந்துவிட்டது.
வலக்கை இருக்கிறது,
ஒரு பேனா நிற்காது அதில்.
கூரைக்கு மேலே தொங்கும் செம்பனைக் குலையை
அண்ணாந்து நின்றே அறுத்த கை.

"வெல்ஃபேரும் பெர்கேசோவும் ஒண்ணுதானே தங்கச்சி?"

ஒன்றில்லை அண்ணே.
அந்தச் சன்னலில் கேட்பார்கள்,
வீட்டுக்கு மாதம் எவ்வளவு வருகிறது என்று.
இந்தச் சன்னலில், சந்தா பிடித்தார்களா, எங்கே விழுந்தாய்.
சேமநிதியில்,
இனிமேல் முடியவே முடியாதா, டாக்டர் எழுதித் தருவாரா.
வலிக்கிறதா என்று கேட்க
எந்தப் பாரத்திலும் கட்டமில்லை.

எனக்கும் அட்டை உண்டு.
பிறக்கும்போதே உள்பக்கம் திரும்பிக்கொண்ட இடப்பாதம்.
வேலை செய்கிறவளுக்கு ஒரு தொகை,
செய்ய முடியாதவளுக்கு இன்னொரு தொகை, அதைவிடக் குறைச்சல்.
இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது.
பாதம் வீங்கிக் கடை திறக்காமல் கிடக்கும் மழைநாளில்
இன்றைக்கு நான் எந்த வகை என்று யோசிப்பேன்.

விபத்து நடந்த இடம்?
"வேலை முடிஞ்சி வீட்டுக்குப் போற வழி," என்றாள் பவுனாம்பாள்.
வழக்கமாகப் போகும் பாதையா?
சன்னாசி என்னைப் பார்க்கவில்லை, மெஷினைப் பார்த்தார்.
"டவுனுக்குத் திரும்பிட்டேன்.
நாலு நம்பர் விழுந்திருந்திச்சி.
அறுவது வெள்ளி."
"அத எழுதாத," என்றாள் அவள்.
"எழுது. லோரிக்காரன் சொல்லிட்டான்,
போலீஸ் ரிப்போட்டுல இருக்கு."

பேனாவை மூடினேன்.
வெளியே சிகாமாட் பஸ் வந்து, நின்று, போனது.

பிறகு கீழ்த்தட்டிலிருந்து வேறொன்றை எடுத்தேன்.
ஈலாட் பென்சன்.
இது எங்கே விழுந்தாய் என்று கேட்காது அண்ணே.
எவ்வளவு மிச்சம் இருக்கிறாய் என்று கேட்கும்.
முன்பு சம்பாதித்ததில் மூன்றில் ஒரு பங்காவது
இனி முடியுமா, முடியாதா.
ஆனால் மாதங்களை எண்ணும்.
நாற்பதில் இருபத்துநாலு.

பிஸ்கட் டின் திறந்தது. சம்பளச் சீட்டுகள்.
கிராணி இருந்தவரை ஒழுங்கு,
காண்டிராக்ட் வந்தபின்
ஒரு மாதம் பிடித்தான், ஒரு மாதம் மறந்தான்.
மூவரும் எண்ணினோம்: இருபத்துமூன்று.
மறுபடி எண்ணினோம்.
எண்ணெய்க் கறையில் ஒட்டிக் கிடந்த இரண்டைப்
பவுனாம்பாள் நகத்தால் பிரித்தாள்: இருபத்தைந்து.
அதில் ஒன்றில் தேதி அழிந்திருந்தது.
மூன்றாவது தடவை சிகாமாட்டில் எண்ணட்டும்.

"அட்டையில என்னமோ எழுதியிருக்கே, என்னா அது?"
குராங் உபாயா. உபாயம் குறைந்தவர்.
பெர்கேசோவில் ஹிலாங் உபாயா. தொலைந்தவர்.
"நம்ம பாசையில உபாயம்னா தந்திரம்ல?"
அதுதான், அதேதான்.
சன்னாசி முதல் தடவையாகச் சிரித்தார்.
"கொறஞ்சதுக்கா தொலஞ்சதுக்கா,
எதுக்குக் காசு கூட?"
பவுனாம்பாளும் சிரித்துவிட்டாள்,
உடனே அதற்காகக் கோபப்பட்டாள்.

இடது பெருவிரலில் மை வைத்தேன்.
ஐசி இரண்டு பக்கம், பேங்க் புத்தகம், சீட்டுகள்.
எல்லாம் முடிந்தபின்
சட்டைப் பையிலிருந்து இடக்கை
மெதுவாக ஒன்றை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தது.
நாலு நம்பர் டிக்கெட்.
வாங்காத அறுபது வெள்ளி, தேதி கடந்துவிட்டது.

இது எதற்கு அண்ணே?
"கேட்டா காட்டலாம்ல. எங்க போனேன்னு."

மூடியை இறக்கினேன்.
பச்சை வெளிச்சம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு
அவசரமில்லாமல் போனது.
அதற்கும் இருபது சென்தான்.